மூன்று விளையாட்டுக்கு ஒரு படகு: மினசோட்டாக் குடும்பம் ஒன்றின் தேர்வு

2021 இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஒரு படகுத் தேடலையும், அதன் பிறகு வந்த கோடைகளில் நடந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் புறநகரில் வசிக்கும் குடும்பம் அது. அவர்களுடைய நண்பன் என்ற முறையில் படகு தேடும்போதும் கூட இருந்தேன், பின்னர் படகிலும் பலமுறை பார்வையாளராக உட்கார்ந்தேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் ஏரியின் பெயரையும் தரவில்லை. படகு வாங்குபவர்கள் வழக்கமாக எந்தக் கம்பெனி, என்ன எஞ்சின், என்ன விலை என்றுதான் தொடங்குவார்கள். இவர்களுக்கு முடிவைச் சொன்னது ஏரியின் ஆழமும் அகலமும். விரிவாக எழுத முக்கியக் காரணம் அதுதான்.

பின்னணி

மனைவியின் பெற்றோருக்கு மாநிலத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்புள்ள ஓர் ஏரியின் கரையில் கேபின் இருக்கிறது. கோடையில் வார இறுதிகள் எல்லாம் அங்கேதான் கழியும். கணவர் கல்லூரி நாட்களில் படகு இழுக்க, ஒற்றை ஸ்கீயில் (சறுக்குப் பலகையில்) மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றும் ஸ்லாலம் ஓடியவர். அப்போது மூத்த மகளுக்கு 15 வயது, வேக்சர்ஃபிங், அதாவது படகு எழுப்பும் அலையில் கயிறில்லாமல் சறுக்குவதைக் கற்றுக்கொள்ள ஆசை. 12 வயது மகனுக்கு வேக்போர்டு: இரண்டு கால்களையும் ஒரே பலகையில் மாட்டி, கயிற்றைப் பிடித்தபடி அலையில் தாவுவது. ஏழு வயதுக் கடைக்குட்டி, முனைகள் கட்டப்பட்ட இரட்டை ஸ்கீயில் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தான்.

தண்ணீரில் ஸ்கீ ஓட்டும் விளையாட்டே பிறந்த மாநிலம் இது. 1922-இல் ரால்ஃப் சாமுவல்சன் என்ற 18 வயது இளைஞர், லேக் சிட்டி ஊரை ஒட்டிய பெப்பின் ஏரியில்தான் முதன்முதலில் பலகைகளில் நின்று படகின் பின்னால் சறுக்கினார். நூறு ஆண்டுகள் கழித்தும் இங்கே தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே படகின் பின்னால் ஓடுவதைப் பார்க்கலாம்.

கேபினில் இருந்தது 18 அடி நீளமுள்ள பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகு. எஞ்சின் படகுக்குள் பின்பக்கத்தில் இருக்கும். ப்ரொப்பெல்லரும் அதன் கால்பகுதியும் பின்சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்றடைத்த டியூபில் ஆளை உட்காரவைத்து இழுக்கவும் பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்கவும் அது போதுமானதாகவே இருந்தது.

முதல் முடிவு

தோழிகள் வீட்டில் சர்ஃப் செய்து பார்த்த மகள், அதையே நம் படகின் பின்னால் செய்யலாமா என்று கேட்டாள். அப்பா உடனே மறுத்துவிட்டார். அந்த மறுப்பு முற்றிலும் சரி. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமே இல்லை என்பது என் எண்ணம்.

ஸ்கீயிலும் வேக்போர்டிலும் ஓடுபவர் அறுபது, எழுபது அடிக் கயிற்றின் மறுமுனையில் இருப்பார். சர்ஃபில் ஏறத்தாழ இருபது அடிக் கயிற்றைப் பிடித்து எழுந்து, அலையின் சரிவுக்கு வந்ததும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிடுவார்கள். அதன் பிறகு படகின் பின்சுவருக்கும் ஆளுக்கும் சில அடி தூரம்தான். அலை ஆளை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். விழுந்தால் படகை நோக்கியே விழ நேரலாம். ஸ்டெர்ன்டிரைவிலும், எஞ்சினே பின்சுவருக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டிலும் அந்த இடத்தில்தான் ப்ரொப்பெல்லர் சுழல்கிறது. எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடும் படகை ஒட்டிய அதே காற்றில் தேங்கும். அந்த நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

ஆகவே சர்ஃப் வேண்டுமென்றால், ப்ரொப்பெல்லர் படகின் அடிவயிற்றில், சுக்கானுக்கு முன்னால், உள்ளே தள்ளி இருக்கும் படகுதான் வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான குடும்பப் படகுகள் இந்த ஒரு நிபந்தனையிலேயே கழிந்துவிட்டன.

மூன்று விளையாட்டும் கேட்பது வேறு வேறு

இதை அப்பா ஒரு மாலையில் சாப்பாட்டு மேசையில் காகிதத்தில் வரைந்து காட்டினார். பெரியவர்களின் ஸ்லாலத்துக்கு மணிக்கு 28 முதல் 34 மைல் வேகம் வேண்டும், அலையே இல்லாததுபோல் தட்டையாக இருக்க வேண்டும். வேக்போர்டுக்கு 20 முதல் 23 மைல், தாவுவதற்குக் கூர்மையான அலை. சர்ஃபுக்கு 10, 11 மைல் போதும், ஆனால் ஆளைக் கயிறில்லாமல் தள்ளும் அளவுக்குப் பெரிய அலை வேண்டும்.

ஸ்கீக்கான படகு எடை குறைந்தது. அடிப்பகுதி தட்டையாக இருக்கும், எஞ்சின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும். வேகமெடுத்ததும் தண்ணீரின் மேலேறி ஓடுவதால் பின்னால் சின்னக் கோடுதான் விழும். சர்ஃப் படகு இதற்கு நேர் எதிர். எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி, தண்டைத் திருப்பிவிடும் வி-டிரைவ் அமைப்பு. அதற்கு மேல் பாலஸ்ட் எனப்படும் நீர்ப்பாரம்: ஏரித் தண்ணீரையே தொட்டிகளிலும் பைகளிலும் நிரப்பிப் படகை வேண்டுமென்றே அமிழ்த்துகிறார்கள். அந்த வேகத்தில் படகு மேலேறாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடி போகும். பெரிய அலை அப்படித்தான் வருகிறது. ஒரே அடிப்பகுதி இரண்டு வேலையையும் முதல்தரமாகச் செய்ய முடியாது. விற்பனையாளர்கள் எவ்வளவு சொன்னாலும் இது மாறப்போவதில்லை.

ஏரியை அளந்தது

2022 பிப்ரவரியில், தேடல் நடந்துகொண்டிருந்தபோதே, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆந்தனி ஃபால்ஸ் ஆய்வகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்டிபென்டன்ஸ் ஏரியில் சர்ஃப் படகுகளையும் சாதாரணப் படகுகளையும் ஓட்டி அலைகளை அளந்திருந்தார்கள். சர்ஃப் படகின் அலை, மற்றப் படகுகளின் வழக்கமான அலை அளவுக்குத் தணிய வேண்டுமானால் கரையிலிருந்து 500 அடிக்கு மேல் தள்ளி ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. படகுத் தொழிலின் சங்கம் அதுவரை சொல்லிவந்தது 200 அடி. மாநிலம் முழுமைக்குமான சட்டம் எதுவும் அப்போது இல்லை. ஆனால் தங்கள் கரையையே அலை அரிக்கும் என்பதால், மாமனார் 500 அடியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்.

ஆழத்தைப் பற்றி அந்த அறிக்கை முடிவு சொல்லவில்லை. ஆனால் பழைய படகே ஆழமில்லாத இடங்களில் சேற்றைக் கிளப்புவதையும், வேரோடு பிடுங்கிய நீர்ச்செடிகள் மிதப்பதையும் அவர்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருந்தார்கள். மூக்கைத் தூக்கி ஓடும் படகின் ப்ரொப்பெல்லர் தண்ணீரை இன்னும் கீழ்நோக்கித் தள்ளும். எனவே 20 அடி ஆழத்தைத் தங்களுக்கு ஒரு கோடாக வைத்துக்கொண்டார்கள்.

மாநில இயற்கைவளத் துறை ஏரிகளின் ஆழ வரைபடங்களை இலவசமாகவே தருகிறது. அதை அச்சிட்டு, கரையிலிருந்து 500 அடி உள்வாங்கி ஒரு கோடு, 20 அடி ஆழத்துக்கு ஒரு கோடு என்று மகள்தான் வரைந்தாள். 300 ஏக்கரில் இரண்டு கோட்டுக்கும் உள்ளே அகப்பட்டது எழுபது ஏக்கர் அளவு. மேற்கு விரிகுடா முழுவதும் வெளியே போய்விட்டது. எஞ்சியதில் மிக நீண்ட நேர்ஓட்டம் ஏறத்தாழ 2,500 அடி. மணிக்கு பத்தரை மைலில் அதைக் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது.

அந்தக் காகிதம் நிறைய வாதங்களை முடித்துவைத்தது. இந்த ஏரியில் மிகப் பெரிய அலைக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது.

எந்தப் படகு

நடுவில் எஞ்சின் வைத்த ஸ்கீ படகு என்பது அப்பாவின் மனதுக்குப் பிடித்த வழி. பழையதாக நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆனால் உட்காரும் இடத்தை எஞ்சின் பெட்டி இரண்டாகப் பிரித்துவிடும், சர்ஃபும் சரியாக வராது. இன்னொரு முனையில் 23 அடி நீளமுள்ள புதிய சர்ஃப் படகு. வெறும் படகே 5,000 பவுண்டைத் தாண்டும், விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். வோல்வோ பென்டா 2015-இல் கொண்டுவந்த ஃபார்வர்டு டிரைவ் பொருத்திய படகையும் பார்த்தார்கள். அதில் ப்ரொப்பெல்லர்கள் முன்னோக்கித் திரும்பி படகின் அடியில் இருப்பதால் சர்ஃபுக்கு உகந்தது. அவர்களுடைய 60,000 டாலர் வரம்புக்குள் நல்லதாக எதுவும் அமையவில்லை.

தேர்ந்தது பத்து ஆண்டு பழைய, 20 அடியைச் சற்றுத் தாண்டிய வி-டிரைவ் படகு. எடை ஏறத்தாழ 3,700 பவுண்டு. கிராஸ்ஓவர் என்று சொல்வார்கள்: பாலஸ்டைக் காலி செய்தால் சுமாரான ஸ்கீ அலை, நிரப்பினால் சுமாரான சர்ஃப் அலை. எழுபது ஏக்கருக்கு இது போதும் என்பது கணக்கு.

இன்னொரு காரணம் இழுவை. குடும்பத்தின் நடுத்தர எஸ்யூவி 5,000 பவுண்டுவரைதான் இழுக்கும். படகோடு டிரெய்லர், பெட்ரோல், சாமான் சேர்ந்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடும், தாண்டவும் கூடும். பெரிய படகு வாங்கியிருந்தால் பெரிய வண்டியும் வாங்க வேண்டியிருக்கும். இவர்கள் படகைக் கோடை முழுக்க ஏரியிலேயே வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை இழுத்துப் போகும் வேலையை, படகுகளை நிறுத்திப் பராமரிக்கும் உள்ளூர் மரீனாவிடம் ஒப்படைத்தார்கள்.

வாங்கும் முன் பார்த்தவை

பெருந்தொற்றுக் காலத்தில் பழைய படகுகளுக்கும் கிராக்கி ஏறியிருந்தது. இன்றே முன்பணம் தராவிட்டால் போய்விடும் என்ற பேச்சு எங்கும் கேட்டது. இவர்கள் அவசரப்படவில்லை.

முதலில் பிடித்த படகு பார்க்கப் புதிதுபோல் பளபளத்தது. தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டுப்போட்ட தடத்தைக் காட்டினார். மினசோட்டாக் குளிரில் எஞ்சினுக்குள் தண்ணீரை விட்டுவைத்தால் அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். அந்தப் படகு அங்கேயே வேண்டாம் என்றாயிற்று.

இரண்டாவது படகில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் அளக்கப்பட்டது. டாஷ்போர்டு காட்டிய ஓட்ட மணிநேரத்தை எஞ்சின் கணினியில் பதிவான மணிநேரத்தோடு ஒப்பிட்டார்கள், இரண்டும் பொருந்தின. கயிறு கட்டும் டவர் உடலோடு சேரும் இடங்களில் விரிசல் உண்டா, ப்ரொப்பெல்லர் தண்டு வழியாகத் தண்ணீர் அளவுக்கு மீறிக் கசிகிறதா, பாலஸ்ட் பம்புகள் இருபக்கமும் நிரப்பிக் காலி செய்கின்றனவா என்று வரிசையாகப் பார்த்தார்கள். பழைய படகுக்கு இந்தச் செலவு வீண் செலவே இல்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்க கேபினில் இருந்த லிஃப்ட் 3,000 பவுண்டுக்குத்தான் தாங்கும். படகு வந்து சேர்ந்த வாரத்தில்தான் அதன் தகட்டை யாரோ படித்தார்கள். புதிய லிஃப்ட் வரும்வரை படகு மிதவையில் கட்டிக் கிடந்தது.

2022 கோடை

மகனுக்கு வேக்போர்டு முதல் நாளிலிருந்தே நன்றாக வந்தது. சர்ஃபுக்கு, படகு 2013-க்கு முந்தியது என்பதால், அலையை ஒரு பொத்தானில் வடிவமைக்கும் பின்தகடுகள் அதில் கிடையாது. சர்ஃப் செய்யும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ரப்பர் உறிஞ்சிகளால் ஒட்டும் ஒரு தனித் துண்டு வாங்கினார்கள். அது அந்தப் பக்கத்து நீர் வந்து சேர்வதைச் சற்றுத் தாமதப்படுத்தும். மறுபக்கத்து அலை சுத்தமாக எழும். சில நூறு டாலருக்குள் முடிந்த அந்தத் துண்டோடு, மகள் ஜூலையில் கயிற்றை எறிந்துவிட்டு ஓடினாள்.

அதே ஜூலையில்தான் அபாயமான சம்பவமும் நடந்தது. விருந்தினரோடு சேர்த்துப் படகில் ஒன்பது பேர், பாலஸ்ட் முழுதாக நிரம்பியிருந்தது, மூன்று சிறுவர்கள் மூக்குப் பகுதியில். சர்ஃப் செய்தவர் விழுந்ததும் ஓட்டியவர் சட்டென வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். படகின் சொந்த அலையே எதிரே உருண்டு வந்தது. கனத்தில் தாழ்ந்திருந்த மூக்கு அதற்குள் குத்தி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள். பம்புகள் தண்ணீரை வெளியேற்றின, யாருக்கும் காயமில்லை. ஆனால் சின்னவன் அன்று மாலைவரை தண்ணீரில் இறங்கவில்லை.

அன்றே காரணத்தைப் பேசினார்கள். 20 அடிக்குக் குறைந்த படகுகளில் இத்தனை பேர், இத்தனை எடை என்று தகடு ஒட்டுவது அமெரிக்கச் சட்டப்படி கட்டாயம். அந்த நீளத்துக்கு மேல் கட்டாயமில்லை. இவர்கள் படகில் தயாரிப்பாளர் ஒட்டிய தகடு இருக்கவே செய்தது. அதிலுள்ள எடைக்குள் பாலஸ்ட் தண்ணீரும் அடக்கம் என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 600 லிட்டர் பாலஸ்ட் என்றால் எட்டுப் பேர் கூடுதலாக ஏறியதற்குச் சமம்.

அதன் பிறகு பாலஸ்ட் நிரப்பினால் ஆறு பேருக்கு மேல் ஏறுவதில்லை, மூக்கில் யாரும் உட்காருவதில்லை. ஆள் விழுந்தால் முதலில் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, அலை கடந்து போனபின் மெதுவாகத் திரும்புகிறார்கள். இதனால் கரைக்குப் போகும் அலையும் குறைந்தது. பின்மேடையில் யாராவது நின்றால் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும் என்பது முதலிலிருந்தே இருந்த விதி; அதை இன்னும் கறாராக்கினார்கள்.

கரையில் இருந்தவர்கள்

ஆகஸ்டில் எதிர்க்கரைப் பெரியவர் ஒருவர் நேரில் வந்தார். அவருடைய சிறு படகு மிதவையோடு மோதிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மாமனார் அந்த வரைபடத்தை எடுத்துக் காட்டினார். பெரியவருடைய வீட்டு முனை ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால், கோட்டின் அந்த மூலையில் ஓடும்போது அலை நேரே அவர் வீட்டுக்குத்தான் போனது. அந்த மூலையையும் வெட்டிவிட்டார்கள். ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் ஓடாமல் மாற்றி மாற்றி ஓடுவதென்றும், ஞாயிறு காலையில் சர்ஃப் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

அவர்தான் லூன் பறவைகளைப் பற்றியும் சொன்னார். மாநிலப் பறவையான லூன், தண்ணீரின் விளிம்பிலேயே கூடு கட்டும். நடக்க வராத பறவை அது. ஓர் அலை ஏறினால் முட்டை நனைந்து குளிர்ந்துவிடும். அடுத்த கோடையிலிருந்து குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும்வரை அந்தப் பக்கத்தில் டியூப்கூட இழுப்பதில்லை. எனக்கு இந்த ஏற்பாடுகளில் மிகவும் பிடித்தது இதுதான். சட்டம் கேட்காததை ஒரு குடும்பம் தானாகச் செய்கிறது.

2023 முதல் 2025 வரை

ஸ்கீ விஷயத்தில் அப்பாவுக்கு ஏமாற்றம் இருந்தது. பாலஸ்டை முழுக்கக் காலி செய்தாலும், எஞ்சின் பின்னால் இருப்பதால் நடுவில் ஒரு மேடு எழுகிறது. முழங்கால் அதை உணர்கிறது. சின்னவன் பழகும் மணிக்கு 15 மைலில் அது பொருட்டில்லை, அவன் 2023-இல் ஒரு ஸ்கீயைக் கழற்றிவிட்டே ஓடினான். அப்பா ஒரு ஸ்கீ கிளப்பில் சேர்ந்து, ஆறு மிதவைகள் போட்ட ஸ்லாலம் பாதையில் அவர்களுடைய ஸ்கீ படகின் பின்னால் ஓடுகிறார். கிளப் சந்தா, இரண்டாவது படகின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

2023-இல் உறவினர் ஒருவர் தங்கள் ஏரிக்குப் படகைக் கொண்டுவரச் சொன்னார். மினசோட்டாச் சட்டப்படி படகைக் கரையேற்றியதும் அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். பாலஸ்ட் தொட்டிகளில் பம்பு நின்ற பிறகும் அடியில் கொஞ்சம் தங்கும். ஏரிகளைக் கெடுக்கும் வந்தேறிச் சிப்பியான ஸீப்ரா மஸலின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் பரவ அதுவே போதும். குடும்பம் பேசி, இந்தப் படகு இந்த ஏரியை விட்டு வேறு ஏரிக்குப் போகாது என்று முடிவெடுத்தது. உறவினர் வீட்டுக்குப் படகில்லாமல்தான் போனார்கள்.

அதே ஆண்டு மிச்சிகன் இயற்கைவளத் துறையின் அறிக்கை 500 அடி தூரத்தையும் 15 அடி ஆழத்தையும் பரிந்துரைத்தது. 2024-இல் வெர்மான்ட் மாநிலம் 500 அடி, 20 அடி ஆழம், குறைந்தது 50 ஏக்கர் தொடர்ச்சியான பரப்பு என்பதை விதியாகவே ஆக்கியது. 2025-இல் மினசோட்டா ஆய்வகத்தின் அடுத்த அறிக்கையும் 20 அடி ஆழத்தைச் சொன்னது. மகள் வரைந்த கோட்டுக்கு அப்போது மூன்று வயது ஆகியிருந்தது.

மறுபடி செய்தால்

குடும்பத்திடம் இதைக் கேட்டேன். படகு பார்க்கப் போகும் முன்பே லிஃப்டின் தாங்கும் எடையைப் படிப்போம் என்றார் மாமனார். எதிர்க்கரைப் பெரியவரை வாங்குவதற்கு முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்றார் மனைவி. அவர் வருத்தத்தோடு வந்தது தனக்கு இன்னும் உறுத்துகிறது என்றார். சோதனை ஓட்டத்தைப் பாலஸ்ட் நிரப்பி, வழக்கமாக வரும் அத்தனை பேரையும் ஏற்றிச் செய்திருந்தால் ஜூலைச் சம்பவம் கரைக்குப் பக்கத்திலேயே பிடிபட்டிருக்கும் என்பது கணவரின் கருத்து. ஸ்கீ ஆசையை முதலிலேயே கிளப்பிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு விளையாட்டுக்கு மட்டும் படகு பார்த்திருந்தால் தேடல் சுருங்கியிருக்கும் என்றும் சொன்னார்.

நான் ஒன்று சேர்ப்பேன். மினசோட்டாவில் ஆளை இழுக்கும்போது படகில் ஒரு பார்வையாளர் இருக்க வேண்டும், அல்லது அகலமான கண்ணாடி இருக்க வேண்டும். சர்ஃபுக்குக் கண்ணாடி மட்டும் போதாது. ஆள் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, அவரையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள், கோடையில் சில வாரங்கள்தான் வருகிறாள். கூடுதல் பாலஸ்ட் பைகளை விற்றுவிட்டார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் மரீனா படகை எடுத்துப்போய், எஞ்சின் தண்ணீரை வடித்து, உறையா திரவம் ஏற்றிக் கொட்டகையில் வைக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பின் ரப்பர் இம்பெல்லரை அப்போதே மாற்றிவிடுகிறார்கள். படகை விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. சின்னவன் சர்ஃப் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.